சேர் பொன்னம்பலம் இராமநாதன்: கொள்கை வழியா, கணக்கு வழியா?

ஈழத்துச் சைவத் தமிழ் மக்கள் பெற்ற அரசியற் பெரியோர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைப் போலப் புகழப்பட்டவர் மிகச் சிலர். அவரைப் போலக் குறை கூறப்பட்டவரும் சிலரே. சைவப் பாடசாலைகளை நிறுவிய வள்ளல் என்றும், 1915ஆம் ஆண்டுக் கலகத்தின் பின் சிங்கள மக்களுக்காக வாதாடிய பெருந்தகை என்றும் முதியோர் அவரைப் போற்றுவர். சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர், சாதி வேற்றுமைக்கு அரணாய் நின்றவர் என்று இளைஞர் பலர் அவரை ஒதுக்குவர். முன்னையதைக் கொள்கையாற் செய்தார், பின்னையதைத் தம் வகுப்பின் நலங் கருதிக் கணக்குப் பார்த்துச் செய்தார் என்று பிரித்து, இரு சாராரையும் சமாதானப்படுத்த முயல்வாரும் உளர். அவ்வாறு பிரிப்பது பொருந்துமா என்பதை அவருடைய வாழ்க்கையைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்போம்.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். மூத்தவர் குமாரசுவாமி, இளையவர் அருணாசலம். தாய்மாமனாரான சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். ஆங்கில அரசினரால் மிகவும் மதிக்கப்பட்டவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த இக் குடும்பத்திற் பிறந்த இராமநாதன் கொழும்பிலும் பின்னர் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கற்று, நியாயவாதியானார். பதவிக்காகவோ பணத்துக்காகவோ அரசியலை நாடவேண்டிய நிலை அவருக்கு என்றும் இருந்ததில்லை. ஆயினும் பொருளாசை இல்லாதவன் கணக்குப் பார்ப்பதில்லை என்று கொள்ளுதல் தவறு. புகழுக்கும் கணக்குண்டு, வகுப்பின் நலத்துக்கும் கணக்குண்டு.

1879ஆம் ஆண்டில் முத்துக்குமாரசுவாமி காலமானார். வெற்றிடமாகிய தமிழர் ஆசனத்துக்கு யாரை நியமிப்பது என்ற வினா எழுந்தபோது, கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவரின் பெயரும் அடிபட்டது. அந்நாளில் யாழ்ப்பாணத்திற் சைவ மக்களின் வழிகாட்டியாய் விளங்கிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் இராமநாதனுக்கே ஆதரவு திரட்டினார். தேசாதிபதியும் அவரையே நியமித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதே ஆண்டின் இறுதியில் நாவலர் பெருமான் சிவபதம் அடைந்தார். இவ்வாறு சைவத்தின் பெயராலும் குடும்பத்தின் பெயராலும் சபையிற் புகுந்த இளைஞர், தம்மை அனுப்பியவர்களுக்காக மட்டுமே பேசுவார் என்று எவரும் எதிர்பார்த்திருக்கலாம்.

ஆனால் நிகழ்ந்தது வேறு. வெசாக் திருநாளை அரசாங்க விடுமுறை நாளாக்க வேண்டுமென்று பௌத்தர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அக் கோரிக்கைக்கு இராமநாதன் சபையிற் குரல் கொடுத்தார். 1885ஆம் ஆண்டில் அந்த விடுமுறை கிடைத்தது. இந்தச் சிறு செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது சபையுறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் தேர்தலே இல்லை. ஒரு பௌத்தருடைய வாக்கும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு சமூகத்தின் சமயமும் வழக்கமும் அரசினால் மதிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இயல்பாகவே இருந்தது என்பதற்கு இது சான்று.

அதே 1885ஆம் ஆண்டில் அவர் செய்த வேறொன்று இந்த நற்பெயருக்கு மாறாய் நிற்கின்றது. முஸ்லிம்களின் விவாகப் பதிவு பற்றிய விவாதத்தில், இலங்கைச் சோனகர் இனத்தாற் தமிழரே, சமயத்தாலேயே வேறுபட்டவர் என்று அவர் வாதித்தார். 1888ஆம் ஆண்டில் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அதனையே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக்கினார். சோனகர் தமக்கெனச் சபையில் ஓர் ஆசனம் பெற முயன்ற காலம் அது. தமிழர் பிரதிநிதியே அவர்களுக்கும் பிரதிநிதி என்பதே அவ் வாதத்தின் பயன். 1889இல் அவர்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். எனினும் மனக்கசப்பு மாறவில்லை. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அவர்கள் இராமநாதனின் கட்டுரைக்கு நூலொன்றால் மறுப்பெழுதினார். இதிற் கணக்கின் நிழல் படிந்திருக்கின்றது என்று முஸ்லிம் மக்கள் ஐயுற்றதிற் குற்றம் காண முடியாது. பேசியவரின் ஆராய்ச்சி முடிபும் அவருடைய ஆசனத்தின் நலமும் ஒரே திசையிற் சென்றன அல்லவா?

1890களின் தொடக்கத்தில் இராமநாதன் சபையை விட்டுச் சொலிசிற்றர் ஜெனரல் பதவியை ஏற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக முடியரசின் வழக்குகளை நடத்தினார். அக் காலத்திலேயே தஞ்சாவூரைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு யோக நெறியில் நின்றார். மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவ சாதகர் ஒருவரின் நோக்கில் ஆங்கிலத்தில் விரிவுரை எழுதினார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று ஆன்ம விசாரம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மீண்டு வந்தபின், தந்தையார் கொச்சிக்கடையில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கி 1912இற் குடமுழுக்குச் செய்வித்தார். 1913இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேசுவராக் கல்லூரியையும் தம் பொருள் கொண்டே நிறுவினார். பிற்காலத்தில், 1974இல், இப் பரமேசுவராக் கல்லூரி வளவிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது.

மிசன் பாடசாலையொன்றிற் கற்ற நான் இங்கு ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். சைவப் பிள்ளைகள் கல்விக்காக மதம் மாறக்கூடாது என்பதே இக் கல்லூரிகளின் நோக்கம். ஆனால் அதை நிறுவியவர் கிறித்தவ வேதத்தை வெறுத்தவர் அல்லர். அதை ஆழக் கற்று விரிவுரை எழுதியவர். பகைமையைக் காட்டிப் புகழ் தேடுவது எக் காலத்திலும் எளிது. அவ் வழியை அவர் எடுக்கவில்லை. மேடையிற் பேசியதற்காகத் தம் கைப்பணத்தையும் செலவிடுபவரை வெறும் கணக்கர் என்று தள்ளிவிட முடியாது.

1911ஆம் ஆண்டில் அரசியற் சீர்திருத்தத்தின் பயனாகப் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டது. நாடு முழுவதிலும் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். அவர்களுட் சிங்களவரே கூடுதலானோர். போட்டியிட்டவர்கள் இருவர்: அறுபது வயது நிரம்பிய இராமநாதன், சிங்களவரான டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ. இராமநாதனே வென்றார். சாதி, இன வேறுபாடற்ற தேசிய உணர்ச்சியின் வெற்றி என்று இதனை நம் மேடைகளிற் சொல்வதுண்டு. சரித்திர ஆசிரியர்கள் காட்டும் உண்மை அவ்வளவு இனிமையானதன்று. மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ வகுப்பினர். தம் வகுப்பல்லாத சிங்களவரிலும் பார்க்க, உயர்குலத் தமிழர் ஒருவரே மேல் என்று கொவிகம வகுப்பினர் பலர் எண்ணினர். இராமநாதன் அடைந்த வெற்றியில் இக் கணக்குக்கும் பங்குண்டு. ஆனால் அது வாக்களித்தவர்களின் கணக்கு. அதைக் கொண்டு மட்டும் வாக்குப் பெற்றவரின் மனத்தை அளந்துவிட முடியாது.

நான்காண்டுகள் செல்லுமுன் அவருக்குப் பெருஞ் சோதனை வந்தது. பௌத்தர் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் இசைக்கலாமா என்பது பற்றி இருந்துவந்த பிணக்கு, 1915 மே மாத இறுதியிற் கண்டியிற் கலகமாக வெடித்து, சில நாள்களுள் மேற்கு, தெற்கு மாகாணங்களுக்கும் பரவியது. அரசாங்கக் கணக்கின்படி முஸ்லிம்கள் இருபத்தைந்து பேர் கொல்லப்பட்டனர். பதினேழு பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. தேசாதிபதி சாமர்ஸ், இது முடியாட்சிக்கு எதிரான சதி என்று அஞ்சி, ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் அடங்கிய பின்னரும் அச் சட்டம் ஆகஸ்டு இறுதிவரை நீடித்தது. விசாரணையின்றியும் அரைகுறை விசாரணையுடனும் பலர் சுடப்பட்டனர். எட்வர்ட் ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலிய தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். கலகம் நடந்த ஊர்களிலிருந்த சிங்களவர் அனைவர் மீதும் நட்டஈடு சுமத்தப்பட்டது.

அந்த வேளையில் அறுபத்து நான்கு வயதினரான இராமநாதன் சபையில் எழுந்து, இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். சதி எதுவும் இல்லை, அரசாங்கம் மருண்டு அப்பாவிகளைக் கொன்றது என்று சான்றுகளோடு நிறுவினார். போர்க்காலக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். கலகம் பற்றியும் இராணுவச் சட்டம் பற்றியும் அவர் எழுதிய நூல் 1916இல் இலண்டனில் வெளிவந்தது. அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர் என்பது இன்றும் இரு சமூகத்தாரும் எடுத்துச் சொல்லும் செய்தி.

இதில் எவ்வளவு கொள்கை, எவ்வளவு கணக்கு? அவர் வகித்த ஆசனத்துக்கு அடுத்த தேர்தல் ஈராண்டுக்குள் வரவிருந்தது. வாக்காளரிற் பெரும்பான்மையோர் சிங்களவர். அடுத்த முறையும் அந்த ஆசனம் அவருக்கே கிடைத்தது. ஆதலாற் கணக்கே என்று சிலர் முடிவுகட்டலாம். ஆனால் ஒருவன் தன் செயலாற் பயன் பெற்றான் என்பது, பயனைக் கருதியே அதைச் செய்தான் என்பதற்குச் சான்றாகாது. அந் நேரத்தில் அவர் எதை இழக்க நேர்ந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பிரித்தானியா பெரும் போரில் ஈடுபட்டிருந்த காலம். படைத்தலைவர்களைக் குற்றஞ் சாட்டுவது இராசத் துரோகமாகக் கொள்ளப்படக்கூடிய காலம். பலர் வாய் மூடியிருந்தனர். முடியரசின் வழக்கறிஞராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்றுப் பட்டமும் பெற்றிருந்த முதியவர் பேசாதிருந்தால் அவரை யாரும் நொந்திருக்கப் போவதில்லை. மேலும் 1885இல் ஒரு வாக்கும் தேவைப்படாதபோது பௌத்தருக்காகப் பேசியவர், 1915இலும் பேசினார் என்றால் அதில் தொடர்ச்சி இருக்கின்றது. கொள்கை வழி நின்றே செய்தார் என்று துணிந்து கூறலாம்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. கடைகளை இழந்தவர்களும் உறவினரைப் புதைத்தவர்களும் முஸ்லிம்கள். இராணுவச் சட்டத்தின் கொடுமையை உரத்துச் சொன்ன அந்தக் குரல், அவர்களுடைய இழப்பைச் சிறுமைப்படுத்தியதாகவே அவர்களுக்குத் தோன்றியது. 1885ஆம் ஆண்டுக் காயத்தின் மேல் இதுவும் விழுந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இந் நாட்டில் வளர்ந்த அவநம்பிக்கையின் வேர்களில் இதுவும் ஒன்று. கொள்கையோடு பேசியவரின் கொள்கைக்குள் எல்லோரும் இடம் பெறவில்லை.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம். இராமநாதன் அதிற் சேராது விலகி நின்றார். 1921இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. 1924ஆம் ஆண்டு முதல் வடக்கிலிருந்து தெரிவான உறுப்பினராகச் சபையில் இருந்தார். அதன்பின் வந்தது டொனமூர் ஆணைக்குழு.

1928இல் வெளியான அவ் ஆணைக்குழுவின் அறிக்கை இரண்டு பெரிய மாற்றங்களைச் சொல்லிற்று. ஒன்று, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தல். மற்றது, ஆண் பெண் இருபாலாருக்கும், படித்தவர் படியாதவர் என்ற வேறுபாடின்றி, வாக்குரிமை வழங்கல். இராமநாதன் இரண்டையும் எதிர்த்தார். முதலாவதை எதிர்த்ததிற் கணக்கு உண்டு. தமிழர் சபையிற் சிறுபான்மையாகி வலுவிழப்பர் என்ற அச்சம் அது. அது தகாத கணக்கு என்று சொல்ல முடியாது. தம் மக்களுக்காகக் கணக்குப் பார்ப்பதும் பிரதிநிதியின் தொழிலே. இரண்டாவதை எதிர்த்ததற்குக் காரணம் வேறு. வேளாளரல்லாத வகுப்பினருக்கும் பெண்களுக்கும் வாக்களிப்பது கும்பலாட்சிக்கு வழி திறக்கும், இந்து வாழ்க்கை முறைக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து.

இரு காரணங்கள் பின்னிக் கிடக்கும்போது, ஒன்றை நீக்கிப் பார்த்தால் மற்றது தெரியவரும். தமிழருக்கு வேண்டிய தனி ஆசனங்கள் கிடைத்திருந்தால், இராமநாதன் சர்வசன வாக்குரிமையை ஏற்றிருப்பாரா? ஏற்றிருக்க மாட்டார் என்றே அவருடைய வாழ்க்கை முழுவதும் சொல்கின்றது. எனவே அந்த எதிர்ப்பு வெறும் ஆசனக் கணக்கன்று. 1929 டிசம்பர் 12ஆந் திகதி அறிக்கை சபையில் 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்கப்பட்டது. அதன் பின்னரும், எழுபத்தொன்பது வயதை எட்டியவர், 1930இல் மீண்டும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். முறையீடு பலிக்கவில்லை. திரும்பி வந்து, அவ்வாண்டு நவம்பர் 26ஆந் திகதி காலமானார். வெல்லும் நம்பிக்கை மங்கிய காலத்தில், பட்டமோ பதவியோ இனி வேண்டாத வயதில், உடலை வருத்திக்கொண்டு கடல் கடப்பதற்குக் கணக்கு எதுவும் காரணமாயிராது. 1915இற் கடல் கடந்தவரும் 1930இற் கடல் கடந்தவரும் ஒரே மனிதர்; அவரைச் செலுத்தியதும் ஒன்றே.

அது என்ன? சமயமும் குலமும் வழக்கமும் சேர்ந்தமைத்த ஒழுங்கு தெய்வீகமானது. அதன் தலைமையில் நிற்போர் கண்ணியமாக நடத்தப்பட வேண்டும். அவர்கள் தமக்குக் கீழுள்ளோரைக் காக்க வேண்டும் என்பதே அவருடைய நம்பிக்கை. அந்த ஒழுங்கை 1915இல் வெள்ளைக்காரப் படைவீரன் மிதித்தபோது அவர் கொதித்தெழுந்தார். 1928இல் அதே ஒழுங்கை வாக்குச்சீட்டுக் குலைக்கும் என்று கண்டபோதும் அவ்வாறே எழுந்தார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் அவர்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்றதும் இதனாலேயே. இல்லறத்தை விளக்கும் மங்கையரையே அவர் விரும்பினார், சட்டசபைக்குச் செல்லும் பெண்களையல்ல. ஆனால் 1931இல் அடலின் மொலமூரே அவர்களும், 1932இல் தமிழ்ப் பெண்மணியான நேசம் சரவணமுத்து அவர்களும் அரசாங்க சபைக்குத் தெரிவாகினர்.

ஆகவே முதலிற் சொன்ன பிரிவினை பொருந்தாது. நாம் போற்றும் செயலும், நாம் நாணும் செயலும் ஒரே கொள்கையின் இரு கிளைகள். ஒன்றைக் கொள்கை என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கு என்று தள்ளுவது, அவர்மீதுள்ள அன்பால் நாம் செய்யும் மோசடி. இரண்டையும் கணக்கு என்பது அவர்மீதுள்ள கோபத்தாற் செய்யும் மோசடி.

அவர் பிறந்த காலமும் குடும்பமும் அவரை அப்படி ஆக்கின என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அதே வீட்டிற் பிறந்து, அதே செல்வத்தில் வளர்ந்த அருணாசலம் தொழிலாளருக்காக உழைத்தார். வாக்குரிமை விரிய வேண்டுமென்று விரும்பினார். 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய வாலிபர் காங்கிரசில், ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள், இராமநாதன் உயிரோடிருந்த காலத்திலேயே, சாதிக் கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தனர். ஆகவே மாற்று வழி அவர் கண்முன் இருந்தது. அவர் அதைத் தெரிந்தே மறுத்தார். இதை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று.

அன்பார்ந்த சங்க உறுப்பினர்களே, முதியோர்களே! அரசியல்வாதி ஒருவர் கொள்கையால் இயங்குகின்றாரா, கணக்கால் இயங்குகின்றாரா என்று நாம் அடிக்கடி வாதிக்கின்றோம். பயன் கிடையாத காலத்திலும் அதையே பேசினாரா, இழப்பு வந்தபோதும் அதில் நின்றாரா, சொன்னதற்காகத் தம் பொருளைச் செலவிட்டாரா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இச் சோதனையில் இராமநாதன் அவர்கள் தேறுவதுபோல இன்று தேறக்கூடியோர் மிகச் சிலர். ஆனால் அத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. கொள்கையாளர் என்று கண்டபின், அக் கொள்கை யாரை உள்ளே வைத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்றும் கேட்க வேண்டும். கணக்கன் காற்று மாறினால் மாறிவிடுவான். தவறான கொள்கையில் உறுதியாய் நிற்பவரோ இறுதிவரை மாறார். ஆதலால் அவரிடம் இரண்டாவது கேள்வி இன்னும் அவசியமாகின்றது.

அவர் வாக்குரிமை வேண்டாமென்ற வகுப்பினரின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும், பெண்களும், அவர் கட்டிய கல்லூரி வளவிலே எழுந்த பல்கலைக்கழகத்திற் படித்துப் பட்டம் பெறுகின்றனர். அவர் கொடையின் பயனும் அவர் கொள்கையின் தோல்வியும் அந்த ஒரே வளவிற் காணக் கிடைக்கின்றன. இரண்டையும் ஒருங்கே சொல்லப் பழகுவதே, நினைவு மலர்களில் அவரைப் பற்றி எழுதும் நமக்கு உரிய மரியாதை.